சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது

அத்தியாயம் 17

கலாதேவி ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். எடுத்தவள் வெளியே போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். அடுப்படிக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். வந்து மறுபடியும் சாவியை எடுத்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள்.

இன்னும் விடியாத ஐந்தரை மணிக்கு ஐம்பத்திரண்டு வயதுப் பெண் செய்கிற காரியமா இது? யாராவது பார்த்தால் மூளை குழம்பிவிட்டது என்பார்கள். நல்லவேளை, பார்த்துக்கொண்டிருந்தது நாய் மட்டும்தான்.

சார்ஜன் முன்கதவை ஒட்டிப் படுத்திருந்தது. செவ்வாய்க்கிழமை, முதல் நாள், சாவி குலுங்கிய சத்தத்துக்கே எகிறி எழுந்து கதவை நகத்தால் பிறாண்டிய நாய். ஐந்தாவது நாளான இன்று ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டு மறுபடியும் முன்னங்கால்மேல் முகத்தை வைத்துக்கொண்டது.

"பதினேழு," என்றாள் தினேஸ்வரி, அறைக்குள் தலை வாரிக்கொண்டே. "இன்னும் மூணு தடவம்மா."

"எனக்கே கிறுக்குப் பிடிச்சிரும் போலருக்கு லா."

"அதுக்குப் பிடிக்காம இருந்தா சரி."

கணவர் மகேந்திரன் வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதமும் ஒரு வாரமும் ஆகிறது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. தெலுக் இந்தானில் இருபது வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டிய மனிதர், வேலை நின்ற பிறகு ஒன்றரை வருடம் இந்த வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் காலை பையை எடுத்துக்கொண்டு பாரிட் புந்தாரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். போன பிறகுதான் போனது தெரிந்தது.

அன்றிலிருந்துதான் சார்ஜனின் ஊளை. வீட்டில் கடைசி ஆள் கிளம்பிக் கேட்டைச் சாத்தியதும் ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். இவர்கள் குடியிருக்கும் புந்தோங்கில் வீடுகள் ஒன்றுக்கொன்று தோளில் சாய்ந்து நிற்பவை. ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் மறு வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு லியூ அன்ட்டியின் கணவர் பக்கவாதத்தில் விழுந்தவர். இரவெல்லாம் விழித்திருந்து விடியும்போதுதான் கண்ணை மூடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் ஊளை. அன்ட்டி கத்தவில்லை, கல் எறியவில்லை. தினமும் கிழிக்கும் சீன நாள்காட்டித் தாள்களில் ஊளை எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று சிவப்புப் பேனாவால் குறித்து, கட்டாகக் கொண்டுவந்து காட்டினாள். சனிக்கிழமை வரை பார்ப்பேன், பிறகு மாநகர மன்றத்தில்தான் சொல்ல வேண்டும் என்றாள். சொல்லும்போது அவள் கண்ணைச் சுற்றியிருந்த கருமையைப் பார்த்த கலாதேவிக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

அன்றிரவே மகேந்திரன் தொலைபேசியில் கூப்பிட்டார். தினேஸ்வரி சொல்லியிருப்பாள். "நாயை நான் எடுத்துக்கிறேன். சனிக்கிழமை வாரேன்," என்றார். மூன்று மாதத்தில் அவளிடம் பேசிய முதல் பேச்சு. "வந்து எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள் கலாதேவி. அவள் பேசிய முதல் பேச்சும் அதுதான்.

சொல்லிவிட்டுப் படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. கட்டிலுக்குக் கீழே நாய் மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் இரவில் அவளோடு சேர்ந்து மூச்சுவிட வேறு யார் இருக்கிறார்கள்? தினேஸ்வரிக்கு இன்றோ நாளையோ கோலாலம்பூரில் வேலை கிடைத்துவிடும். மறுநாள் காலை மகளை எழுப்பி, "என்னமோ பழக்கம் குடுத்தா மாறும்னு சொன்னியே, அது என்ன?" என்று கேட்டாள்.

அப்படித்தான், சாவி குலுங்கினாலே ஆள் போய்விடாது என்று நாய்க்குப் பழக்கும் இந்தச் சாவிப் படிப்பு ஆரம்பித்தது.

"இருபது," என்று வெளியே வந்தாள் தினேஸ்வரி. நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கிளினிக்கில் அவளுக்கு வேலை. சனிக்கிழமையில் ஆறேகாலுக்கே கிளம்பிவிடுவாள். தன் பழைய கைப்பேசியைக் குளிர்பெட்டியின் மேல் நிறுத்தி, அதன் கேமரா கூடத்தைப் பார்க்கும்படி திருப்பினாள். "எல்லாம் பதிவாயிரும். இன்னிக்குத்தான் பரீட்சை. நான் போனப்புறம் அரை மணி கழிச்சு நீங்க. எப்படிக் கிளம்பணும்?"

கலாதேவி சாவியை ஆணியில் மாட்டினாள்.

"அம்மா."

"சொல்லாமதான். தெரியும்."

"நேத்தும் இப்படித்தான் தெரியும்னீங்க. கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து அது மூஞ்சைப் பிடிச்சிக்கிட்டு அஞ்சு நிமிசம் பேசியிருக்கீங்க. பதிவுல பார்த்தேன்ல."

"பேசுனா என்ன தப்பு? நாயா இருந்தாலும் வீட்டுல உள்ள உசுருதானே. சொல்லிட்டுப் போனா அதுக்கு ஒரு தைரியம்."

"தைரியம் இல்லம்மா, அங்கதான் அது பயப்படவே ஆரம்பிக்குது." தினேஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டே பேசினாள். அவள் எதையும் நின்று சொல்வதில்லை. "நீங்க குனிஞ்சு, குரலை இறக்கி, பயப்படாதே பயப்படாதேன்னு தடவிக் குடுக்கறீங்க. வார்த்தை அதுக்குப் புரியாது. உங்க கை நடுங்கறது புரியும். இவ்ளோ பெரிய அம்மா இப்படிக் கலங்குதுன்னா என்னமோ ஆகப்போவுதுன்னு அதுக்குப் படும். அதோ பாருங்க, கொட்டாவி விடுது."

"ராத்திரி சரியாத் தூங்கல."

"தூக்கம் இல்லம்மா. மனசு படபடன்னு அடிச்சாலும் நாய் கொட்டாவி விடும். மூக்கை நக்கும். நீங்க வேலைக்குப் போட்டுட்டுப் போற பேட்டா சப்பாத்தைக் கடிச்சிப் போட்டுச்சே, அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

"வேணும்னே செய்யுதுன்னு சொன்னேன். செஞ்சிட்டுத் திருட்டு முழி வேற முழிச்சிச்சு."

"அது திருட்டு முழி இல்ல. உங்க மூஞ்சப் பார்த்து மிரண்ட முழி. அது எப்பவும் நம்ம மூஞ்சத்தான் படிக்குது." கேட்டைத் திறந்தவள் திரும்பினாள். "குப்பை போடப் போவீங்கல்ல, அது மாதிரி போங்க. தேங்காய்ச் சிரட்டையில சோறும் சாடின் மீனும் அடைச்சு வச்சிருக்கேன். அதைக் கீழ வச்சிட்டு நேராப் போயிருங்க. சரியா?"

மகளும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனாள். கலாதேவிக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் அதுவும் பரீட்சையின் ஒரு பகுதி என்று புரிந்தது.

கலாதேவி பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். பால்மரம் சீவப் போகட்டும், பக்கத்து வீட்டுக்கு உப்பு வாங்கப் போகட்டும், 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல் யாரும் படி இறங்கியதில்லை. உள்ளேயிருந்து 'ம், போயிட்டு வா' என்று பதில் வரும் வரை வாசலில் நிற்பார்கள். வாய் தவறி 'போறேன்' என்று சொன்னவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் குடிக்க வைத்துத் திரும்ப அனுப்புவார்கள். லயம் இடிந்து, மரம் அழிந்து, அந்த இடம் முழுக்கச் செம்பனையாகி எத்தனையோ வருடம் ஆயிற்று. அந்தச் சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

மகேந்திரன் போன பிறகு அவள் அதை நாயிடம் இரண்டு மடங்காகச் சொல்ல ஆரம்பித்தாள். தினமும் காலையில் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாரி பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் நனைத்து ஊட்டி, 'அம்மா போயிட்டு வாரேன், நாலு மணிக்கு வந்துருவேன், எங்கயும் போயிட மாட்டேன்' என்று பத்து நிமிடம். தான் பட்டது அந்த வாயில்லா ஜீவனும் படக் கூடாது என்று நினைத்தாள். அந்தப் பத்து நிமிடம்தான் அதைக் கொல்கிறது என்று யார் கண்டது?

ஆறே முக்கால். அவளை வேலைக்கு ஏற்றிப்போகும் ஹோட்டல் வேன் முச்சந்திக்கு வந்துவிடும்.

சிரட்டையைத் தரையில் வைத்தாள். சார்ஜன் அதைப் பார்த்தது. அவளையும் பார்த்தது. பழுப்புக் கண்கள். 'போயிட்டு வாரேன்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டாள். சாவியை எடுத்தாள், கிரில்லைச் சாத்தினாள், கேட்டைச் சாத்தினாள். கேட்டின் இரும்பு இரும்போடு மோதிய சத்தம் தெருவுக்கே கேட்டது போலிருந்தது.

நடந்தாள். முதுகெல்லாம் காதாகிவிட்டது.

இருபது அடி. நாற்பது அடி. தூரத்து மலையின் வெள்ளைப் பாறையில் வெளிச்சம் விழத் தொடங்கியிருந்தது. முச்சந்தியில் வேன் நின்றது. கதவைத் திறந்த ஓட்டுநர், "என்னக்கா, மூச்சு வாங்குது?" என்றான். அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

பின்னாலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

ஹோட்டலின் சலவைப் பிரிவான டோபியில் கலாதேவிக்குப் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. இயந்திரத்திலிருந்து சூடாக வருவதை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, இழுத்து, நடந்து வந்து சேர்த்து, விலகி, மறுபடி சேர்க்க வேண்டும். எதிர் முனையில் பதினோரு வருடமாக முத்தம்மாதான். ஒரு நாளைக்கு நானூறு தடவையாவது எதிர் எதிராக வந்து போகிறவர்களுக்குள் மறைக்க என்ன இருக்கிறது?

"நாய் டியூசன் எப்படிப் போவுது?" என்றாள் முத்தம்மா, முனையை நீட்டி.

"இன்னிக்குச் சோதனை."

"பாஸ் பண்ணுனா பள்ளிக்கூடத்துல படிவம் நாலுக்கு அனுப்பிருவியா? அறிவியலா, கலையா?"

"போக்கா."

"இல்லடி, நெசமாத்தான் கேக்கறேன். என் வீட்டுல ஒரு மனுசன் இருக்காரு. அவருக்கும் இப்படி எதாவது இருந்தா சொல்லு. நான் வந்தா திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல."

"நீ வரும்போதும் போகும்போதும் கண்டுக்காம இருக்கணுமாம். அப்பத்தான் அது நிம்மதியா இருக்குமாம்."

"அட, அப்ப அவருதான் எனக்கு முப்பது வருசமாப் பழக்கம் குடுத்திருக்காரா? நான்தான் தெரியாம இருந்திருக்கேன்!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே விரிப்பைச் சேர்த்தார்கள். விலகும்போது கலாதேவியின் சிரிப்பு நின்றுபோனது.

குப்பை போடப் போவது போல.

அந்தக் காலை இப்போது அவளுக்கு முழுசாக ஞாபகம் வந்தது. அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். மகேந்திரன் பின்பக்கம் போய்க் குப்பைப் பையைக் கட்டினார். அதை எடுத்துக்கொண்டு முன்பக்கமாக நடந்தார். மறு கையில் என்ன இருந்தது என்று அவள் பார்க்கவில்லை. நாய் அவர் காலருகில் நின்று வாயைப் பிளந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. 'பாரேன், விடிஞ்சதும் விடியாததுமா இதுக்குத் தூக்கத்தை' என்று சிரித்துக்கொண்டே அவள் இட்லிச் சட்டியை மூடினாள்.

நாய்க்குத் தெரிந்திருக்கிறது.

அவர் முகத்தை அது படித்திருக்கிறது. இருபத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இன்றைக்குக் காலையில் தானும் அதே மாதிரி வெளியே வந்தோமே என்று நினைத்தாள். எவ்வளவு பாரமாக இருந்தது. கேட்டைச் சாத்தும்போது கை எவ்வளவு கனத்தது. அவருக்கும் கனத்திருக்குமோ என்று இந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அவள் யோசித்ததில்லை. யோசிக்கப் பிடிக்கவும் இல்லை. இப்போது கேட்காமலேயே வந்து நிற்கிறது.

"கலா, முனையப் பிடிடி," என்றாள் முத்தம்மா. "கீழ விழுது."

சனிக்கிழமை அரைநாள் வேலை. ஒன்றரை மணிக்கு அவள் தெருவுக்குள் திரும்பியபோது லியூ அன்ட்டி தன் கேட்டில் நின்றிருந்தாள். கையில் நாள்காட்டித் தாள். கலாதேவி நடையைக் குறைத்தாள்.

"அச்சி," என்று அக்கா முறையில் கூப்பிட்டுத் தாளை நீட்டினாள் அன்ட்டி. சிவப்புக் கோடு இல்லை. ஒன்பது மணிக்கு நேராக ஒரு சின்னப் புள்ளி மட்டும் இருந்தது. எரிவாயு சிலிண்டர்த் தோம்பு லாரி வந்தபோது இரண்டு தடவை குரைத்ததாம், அவ்வளவுதான். பிறகு தன் கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக் காட்டினாள். "அங்கள் திடோர். சம்பாய் பூக்குல் செபுலோ." கணவர் பத்து மணி வரை தூங்கியிருக்கிறார். அன்ட்டியின் தலையும் இன்றைக்கு வாரியிருந்தது. அவளும் கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

"ஒரு நாள் போதாது," என்றாள் மலாயில், விரலை ஆட்டி. "இன்னும் ஒரு மாதம் எழுதுவேன். ஆனால் மன்றத்துக்கு இப்போது போக மாட்டேன்."

கலாதேவி தலையை மட்டும் ஆட்டினாள். நன்றி சொன்னால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

வீட்டுக்குள் வந்தபோது சார்ஜன் குதித்தது. அவள் பார்க்காதது போல நடந்து, பையை வைத்து, முகம் கழுவினாள். அது காலைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அலுத்துப்போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் அதன் தலையைத் தொட்டாள். தினேஸ்வரி சொன்னபடி. பிள்ளை பெற்றவளுக்கு இது ஒரு தண்டனை.

இரண்டு மணிக்கு மகள் வந்ததும் இருவரும் பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். குளிர்பெட்டி உயரத்திலிருந்து பார்க்கும்போது கூடம் யாருடைய வீடோ போலிருந்தது. கேட் சாத்தும் சத்தம். நாய் சிரட்டையை விட்டுவிட்டுக் கதவுக்குப் போனது. முகர்ந்தது. சின்னதாக முனகியது. வட்டமடித்தது. கொட்டாவி விட்டது. திரும்பிச் சிரட்டைக்கு வந்து நக்கியது. மறுபடியும் கதவு. இப்படி இருபத்திரண்டு நிமிடம். பிறகு அறைப் பக்கம் போய், கலாதேவியின் டோபிச் சீருடை கிடந்த கூடையை மூக்கால் சாய்த்து, விழுந்த துணியின்மேல் சுருண்டு படுத்துக்கொண்டது.

வாசலை ஒட்டி மகேந்திரனின் பழைய சட்டை விரித்த சாக்கு ஒன்று கிடந்தது. 'அவர் வாசனை இருந்தா அழுகை குறையும்' என்று அவள்தான் போட்டு வைத்திருந்தாள். அதைத் தாண்டித்தான் நாய் அறைக்குப் போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்மா," என்றாள் தினேஸ்வரி. அபூர்வமாக அவள் நின்று பேசினாள். "புதன்கிழமை எனக்கு லீவு. நான் வீட்டுலதான இருந்தேன்? நீங்க போனதும் நான் பக்கத்துலயே உக்காந்திருந்தும் முக்கால் மணி நேரம் கேட்டுல நின்னு அழுதுச்சு. சாயங்காலம் நீங்க இருக்கும்போது நான் வெளிய போனேன். கண்ணைத் தொறந்துகூடப் பார்க்கல."

"அப்படின்னா?"

"எல்லாரும் நினைச்ச மாதிரி அது அப்பாவுக்காக அழல. உங்களுக்காகத்தான். ஒரு ஆளு போனாரு, வரல. மிச்சமிருக்கறது நீங்க. நீங்களும் போயிட்டா?"

கலாதேவி பதிவைத் திரும்பவும் பார்த்தாள். கைப்பேசியில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. தரையிலும் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

"அப்பா நாலு மணிக்கு வந்துருவாரு," என்றாள் தினேஸ்வரி.

"தெரியும்."

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சார்ஜன் தூக்கத்திலிருந்து எழுந்து கேட்டுக்கு ஓடியது. அதற்குப் பிறகுதான் வேன் சத்தம் இவர்களுக்குக் கேட்டது. தான் ஓட்டி வந்த வேனை முச்சந்தியிலேயே நிறுத்திவிட்டு மகேந்திரன் நடந்து வந்தார். வீட்டுக்கு முன்னால் நிறுத்த இடம் இருந்தது.

நாய் அழுதது. சிரித்தது என்றும் சொல்லலாம். உடம்பு முழுவதும் வாலாகி ஆடியது. தரையில் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டது. அவர் போர்ச்சிலேயே மண்டியிட்டு அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஏழு வருடத்துக்கு முன் தான் வளர்ந்த தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, ஆள் போய்விட்ட லயத்து வீடொன்றில் கத்திக்கொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தவர் அவர்தான். போலீஸ்காரன் மாதிரி வாசலை மறித்து நிற்கிறது என்று, மலாயில் சார்ஜண்டைச் சொல்லும் 'சார்ஜன்' எனப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

கலாதேவி அந்த வாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் எரிந்தது.

"இளைச்சிட்டான்," என்றார் மகேந்திரன் நிமிராமல்.

"அது இளைக்கல. நீங்கதான் இளைச்சிட்டீங்க."

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தினேஸ்வரி தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு புதுச் சங்கிலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாவம். எனக்காகத்தான இந்த அழுகை," என்றார் நாயின் காதைத் தடவிக்கொண்டு. "அங்க அண்ணன் வீட்டுப் பின்னால பெரிய எடம். வயக்காடு. ஓடலாம், ஆடலாம். எனக்கும் ஒரு தொணை."

தினேஸ்வரி வாயைத் திறந்தாள். கலாதேவி மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே மகள் வாயை மூடிக்கொண்டாள். நாய் யாருக்காக அழுகிறது என்று இந்த மனிதருக்கு இன்றைக்குத் தெரிய வேண்டாம். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவரிடம் என்ன மிஞ்சும்?

"அப்பா," என்று வேறு பக்கமாக வந்தாள் தினேஸ்வரி. "இப்படியே வேன்ல ஏத்திட்டுப் போக முடியாது. புது எடம், தெரியாத ஆளுங்க. இதைவிட மோசமா அழும். சோறு திங்காது. ஓடிப்போனாலும் போயிரும்."

"பின்ன என்ன செய்யலாம்?"

"மெதுவா மாத்தணும். முதல்ல தெரிஞ்ச எடத்துல, உங்களோட தனியாப் பழகணும். நீங்க சோறு போடணும், நீங்க வெளிய கூட்டிப் போகணும், நீங்க போயி வரதுக்கு அது பழகணும்."

"எத்தனை நாளு?"

"ரெண்டு வாரமாவது. மூணு வாரம்கூட ஆகலாம். இங்கயேதான்."

மகேந்திரன் தேத்தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். தினேஸ்வரி நாயைப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பள்ளிச் சீருடையைக் கலாதேவி பார்த்தாள். பக்கத்து வீட்டில் அன்ட்டி வாணலியில் எதையோ கிளறும் சத்தம் நின்று, திரும்பவும் தொடங்கியது.

மூன்று வாரம் இங்கே தங்கப்போவது யார் என்று கலாதேவிக்கு மெல்லப் புரிந்தது. ஐந்து நாளாக இந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தது என்ன? சொல்லித் திருத்த முடியாது, தானாகப் போய் நிற்கும்படி இடத்தை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பதுதானே.

"தினேஸு."

"ம்."

"என்னைச் சாவிய எடுத்து எடுத்து வைக்கச் சொன்னியே. அந்தப் பழக்கம் நாய்க்கா, எனக்கா?"

தினேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு பேருக்கும்னுதான் நினைச்சேன்." பிறகு அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். "மூணு பேருக்கும்."

மகேந்திரன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

கோபம் வரும் என்று கலாதேவி காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. மூன்று மாதமாக நின்று நின்று கால் வலித்தது போன்ற அலுப்புத்தான் வந்தது. இந்த நாற்காலியில் மூன்று வாரம் இவர் உட்கார்ந்திருப்பார். இவள் இட்லி ஊற்றுவாள். யாரும் எதுவும் பேச மாட்டார்கள். ஒரு நாள் நாயோடு கிளம்பிப் போவார். அந்தக் காலையை இன்னொரு தடவை அவளால் தாங்க முடியாது.

"நாய் இங்கயே இருக்கட்டுங்க," என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "என் நாய், கலா."

"உங்க நாய்தான். நான் இல்லன்னு சொல்லல. இன்னிக்கு அது அழல. அன்ட்டியும் மன்றத்துக்குப் போகலன்னுட்டாங்க. அது இங்கதான் பழகுது."

"அப்ப நான் வெறுங்கையோட போகவா?"

"வந்து பாருங்க." அவள் குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "ஞாயித்துக்கிழமை வாங்க. ஒரு நேரம் சொல்லிட்டு அந்த நேரத்துக்கு வாங்க. கூட்டிக்கிட்டுப் போங்க, நடங்க, கொண்டாந்து விடுங்க. அதுக்கு நாள் தெரியும், நேரம் தெரியும். ஒரு வாரம் வந்து ஒரு வாரம் வராம இருந்தாத்தான் அதுக்குத் தாங்காது. முடியாதுன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிருங்க. ரெண்டு நாள் தேடும். அப்புறம் பழகிக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் இவ்வளவு பேசிவிட்டோமா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இத்தனை வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் அவரிடம் அவள் பேசியதில்லை.

மகேந்திரன் சங்கிலியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "கலா, நான் எதுக்குப் போனேன்னா..."

"இன்னிக்கு வேணாங்க. எனக்கு அலுப்பா இருக்கு."

தேத்தண்ணீர் ஆடை கட்டியது. சார்ஜன் இருவருக்கும் நடுவில், சரியாக நடுவில், போர்ச்சுச் சிமெண்டில் படுத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தது.

கடைசியில் அவர் எழுந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாயின் தலையைத் தடவக் கை நீட்டியவர், மகளின் முகத்தைப் பார்த்து, நடுவிலேயே கையை எடுத்துக்கொண்டார். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தார். தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முன்பு அப்படி இல்லை.

சார்ஜன் கேட்டின் கம்பிக்கு நடுவில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. கொட்டாவி விட்டது. இப்போது ஊளை வரும் என்று தாயும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டிலும் வாணலிச் சத்தம் நின்றிருந்தது.

ஊளை வரவில்லை.

வேன் கிளம்பும் சத்தமும் வரவில்லை.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. நாயின் காதுகள் இரண்டும் முச்சந்திப் பக்கமே நிமிர்ந்திருந்தன. தினேஸ்வரிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நான் போயி என்னன்னு பார்த்துட்டு வந்துரவாம்மா?"

"உக்காரு."

"வேன்லயே உக்காந்திருக்காரும்மா. உடம்புக்கு எதாச்சும்..."

"உக்காரு தினேஸு," என்றாள் கலாதேவி. அவள் கேட்டுக்கு முதுகைக் காட்டியபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன, ஒன்றை ஒன்று பிடித்தபடி. "நாம போயிக் கூப்பிட்டா அதுவே பழக்கமாயிரும். தானா வரணும், இல்ல தானாப் போகணும்."

சார்ஜனின் வால் ஒரு தடவை மெல்ல அசைந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.